யூஃபெனின் சாட்சியும் அதன் மொழிபெயர்ப்பும்

1

இந்தக் கதை பல காலம் என் மனதில் ஊறிக் கிடந்து வெளியே வந்தது என்று சொல்ல ஆசைதான். உண்மை அதுவல்ல. பிறந்தநாள் கேக்குக்குச் சொல்லிவைப்பது போல இதற்குச் சொல்லிவைத்தார்கள். சொல்லிவைத்தவர் பாஸ்டர் ரவீந்திரன். ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் ஒரு நோர்வேஜியச் சபையின் மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்துக் கூடுகிற தமிழ்ச் சபை அவருடையது. பதினைந்தாம் ஆண்டு நிறைவுக்கு மலர் போடுகிறார்கள். ஒரு சிறுகதையும் இருந்தால் மலருக்கு மதிப்பு என்று யாரோ அவருக்கு ஓதிவிட்டார்கள்.

"ரெண்டு பக்கம் காணும்," என்றார் தொலைபேசியில். "உண்மைச் சம்பவம். சீனாக்காரி ஒராள் எங்கடை சபையிலை இரட்சிக்கப்பட்டவ. வாசிக்கிற சனத்துக்குக் கண் கலங்கவேணும், கடைசியிலை சந்தோசம் வரவேணும். நீங்கள் விசுவாசி இல்லையெண்டு தெரியும். அதாலைதான் உங்களிட்டைக் கேக்கிறன். எங்கடை ஆக்கள் எழுதினால் பிரசங்கமாப் போகுது."

நான் ஒப்புக்கொண்டேன். ஒஸ்லோவில் தமிழில் எழுதுகிறவரிடம் ஒருவர் கதை கேட்பதே அதிசயம். மலர் என்றால் யாரும் வாசிக்கப் போவதில்லை, ஆனால் யாரும் எறியவும் மாட்டார்கள். அலுமாரியில் கலியாண அல்பத்துக்கு மேலே படுத்திருக்கும். என் மற்றக் கதைகளுக்கு அந்த மரியாதைகூடக் கிடைத்ததில்லை.

விவரம் எடுப்பதற்கு அருகிலுள்ள ஹவுகன்ஸ்டுவாவில் கரோலினாவின் வீட்டுக்குப் போனேன். சீனப் பெண்ணைச் சபைக்குக் கூட்டிவந்தவர் அவர்தான். ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னார். சொல்லச் சொல்ல, மலருக்குரிய இரண்டு பக்கம் என் கையிலிருந்து நழுவிப் போய்க்கொண்டிருந்தது. நீங்கள் வாசிப்பது மலரில் வராத கதை.

2

முதலில் தொடக்கங்கள். மூன்று எழுதினேன். கூச்சப்படாமல் மூன்றையும் காட்டுகிறேன்.

முதல் தொடக்கம்: வெண்பனி போர்த்திய ஒஸ்லோ நகரின் ஒரு

[வெட்டு. இங்கிருந்து எழுதும் எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறோம். பனி பெய்யாத மாதங்களில் இங்குள்ள தமிழருக்கு ஒன்றுமே நடப்பதில்லை போலும்.]

இரண்டாம் தொடக்கம்: சீன தேசத்தின் காரிருளிலிருந்து ஓர் ஆத்துமாவை ஆண்டவர்

[வெட்டு. இது பாஸ்டரின் தொடக்கம், என்னுடையதல்ல. போன வருடத்தின் முதல் ஞாயிறன்று அவருக்குச் 'சீன பாரம்', அதாவது சீனாவின் இரட்சிப்புக்காக ஒரு மனப்பாரம், வந்தது. சபை மண்டபத்தில் சீன வரைபடம் ஒன்றை ஒட்டி, அதன்மேல் கைவைத்து எல்லோரும் கண்ணீர் விட்டு ஜெபித்தார்கள். கைக்கு எட்டிய மாகாணங்களுக்கு நிறைய ஆசீர்வாதம் கிடைத்தது. மேலே இருந்தவை உயரமான ஆட்களை நம்பி இருந்தன.]

மூன்றாம் தொடக்கம்: கரோலினா பருப்புக் கறியோடு போனாள்.

இதை வைத்துக்கொள்கிறேன். கதை இங்கேதான் தொடங்குகிறது, வரைபடத்தில் அல்ல.

[நேரில் நான் அவரை 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறேன். கதைக்குள் 'அவள்' ஆக்கிவிட்டேன். எழுத்தாளர்களின் மரியாதை அவ்வளவுதான்.]

3

கரோலினா மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண். முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். கிழவர்களைக் குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. அதே தளத்தில் அவளோடு வேலை செய்பவள் யூஃபென். சீனாவின் தென்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஒரு நோர்வேஜியனைக் கட்டிக்கொண்டு வந்தவள். அவன் விட்டுவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. பிள்ளை இல்லை.

[எச்சரிக்கை. சீனப் பெண் என்றதும் என் பேனா தானாகவே அவளுக்குப் பொறுமையும் மர்மப் புன்னகையும் ஆவி பறக்கும் தேநீர்க் கோப்பையும் எழுதப் பார்த்தது. யூஃபென் தேநீர் குடிப்பதில்லை. மூன்று கரண்டி சீனி போட்டுக் கோப்பி குடிப்பாள். கோபம் வந்தால் கட்டில் சட்டத்தை உதைப்பாள்.]

கொரோனாவின் கடைசி அலையில் யூஃபெனின் தகப்பன் ஊரில் செத்துப்போனார். போகப் பயணச்சீட்டும் அனுமதியும் கிடைக்கவில்லை. தகனத்தை ஒரு ஒன்றுவிட்ட தம்பி கைபேசியில் கொஞ்சம் பிடித்து அனுப்பினான். அதில் முக்கால்வாசியும் அவனுடைய சப்பாத்துத்தான் தெரிந்தது. யூஃபென் அதைப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வந்தாள். மேலாளர் ஒரு பூங்கொத்தும் ஒரு அட்டையும் கொடுத்தாள். நோர்வேஜியத் துக்கம் அத்தோடு முடிந்தது.

கரோலினாவுக்கு அது பொறுக்கவில்லை. சாவீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் சமைத்துக் கொண்டுபோக வேண்டும் என்று வளர்ந்தவள் அவள். சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கட்டடம் தள்ளியிருந்த யூஃபெனின் வீட்டு மணியை அடித்தாள். அந்தக் கிழமை முழுக்க அப்படிப் போனாள். இரண்டு பேரும் அதிகம் கதைக்கவில்லை. யூஃபென் சாப்பிடுவாள், கரோலினா பார்த்துக்கொண்டிருப்பாள்.

[அவர்கள் பேசியது நொஸ்க், அதாவது நோர்வேஜிய மொழி. இரண்டு பேருடையதும் வேலைத்தளத்து நொஸ்க். வினைச்சொல் ஒரு பக்கம் போனால் ஆள் மறு பக்கம் போகும். ஆனால் கரோலினா எனக்குச் சொன்னபோது யூஃபெனும் மன்னார்த் தமிழில்தான் கதைத்தாள். அதை அப்படியே விடுகிறேன்.]

சுவிசேஷம் சீனாவைத் தொட்டது இந்தக் கத்தரிக்காய்ப் பால்கறியில்தான். இதை நான் பாஸ்டரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "அதை ஒரு வரியிலை போடுங்கோ," என்றார்.

4

கரோலினா கூப்பிட்டதால் யூஃபென் சபைக்கு வந்தாள். சபை துள்ளிக் குதித்தது. வரைபடத்தில் கைவைத்துக் கேட்டதை ஆண்டவர் நேராகக் கதவடியில் இறக்கிவிட்டாரே!

அவளை வீட்டாளாக உணரவைப்பதற்குப் பெண்கள் சேர்ந்து நூடில்ஸ் செய்தார்கள். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள், கறிவேப்பிலை, ரின் மீன், மேலே அவித்த முட்டை. யூஃபென் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இந்தத் தமிழ்ச் சாப்பாட்டின் பெயர் என்ன என்று கேட்டாள். பதிலுக்கு யாரோ அவள் தட்டில் இன்னொரு முட்டை வைத்தார்கள்.

யூஃபென் என்ற பெயர் வாயில் வரவில்லையாம், 'கிரேஸ்' என்று வைத்துவிட்டார்கள். ஸ்ரீஸ்கந்தராசா என்ற பெயரை நோர்வேஜியன் 'ஸ்ரி' என்று நறுக்கினால் இனவாதம் என்று பத்திரிகைக்கு எழுதுகிற சனம் இது.

ஒவ்வொரு கிழமையும் பாஸ்டர் கேட்பார்: "சிஸ்டர் கிரேஸ், ஆண்டவரை ஏற்றுக்கொள்ளுவீங்களா?" யூஃபென் தலையைக் குனிந்து, யோசித்துப் பார்க்கிறேன் என்பாள். சபை கைதட்டி ஸ்தோத்திரம் சொல்லும். கரோலினா மட்டும் கைதட்ட மாட்டாள். கலியாண அழைப்பானாலும் காணி விற்பனையானாலும், மாட்டேன் என்று சொல்ல மனமில்லாமல் "பாப்பம்" என்று சொல்லித் தப்புவதில் தமிழரை வெல்ல ஆளில்லை. அப்படிப்பட்ட சனத்துக்கு, இன்னொருத்தியின் 'பாப்பம்' மட்டும் எப்படி விளங்காமல் போனது? விளங்காதது போல இருப்பதும் ஊழியத்தில் ஒரு பகுதி போலிருக்கிறது.

அவள் மனம் மாறியது வேறிடத்தில். வேலையில், இடைவேளை அறையில். இயேசு தன் சிநேகிதனின் கல்லறைக்கு முன்னால் நின்று அழுத கதையைக் கரோலினா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அவர் அவனை எழுப்பத்தானே போனவர்?" என்றாள் யூஃபென்.

"ஓம்."

"எழுப்புவன் எண்டு அவருக்குத் தெரியும்தானே?"

"ஓம், தெரியும்."

"பிறகேன் அழுதவர்?"

கரோலினாவுக்குப் பாஸ்டர் சொல்லிக்கொடுத்த விளக்கம் ஒன்று இருந்தது. அது அந்த நேரம் வாயில் வரவில்லை. "தெரிஞ்சாலும் அழுகை வரும்தானே," என்றாள்.

யூஃபென் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் அழுதாள். தகப்பன் செத்ததற்கு அவள் முதன்முதலில் அழுதது அன்றைக்குத்தான். அதன் பிறகு அவள் 'பாப்பம்' சொல்லவில்லை. ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்றாள்.

[என் ஏளனம் இந்த இடத்தில் கதவுக்கு வெளியே நிற்கிறது. உள்ளே வர அதற்கு ஒரு வேலையும் இல்லை. கவலைப்படாதீர்கள், அடுத்த பகுதியில் வந்துவிடும்.]

5

ஞானஸ்நானத்துக்கு முந்திய கிழமை யூஃபெனின் வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். ஜன்னலுக்குப் பக்கத்துத் தட்டில் தகப்பனின் படம் இருந்தது. தொப்பி போட்ட, காது பெரிய மனிதர். படத்துக்கு முன்னால் மூன்று தோடம்பழமும் ஒரு பியர்க் கானும். சின்னக் கிண்ணத்தில் அரிசி நிரப்பி ஊதுபத்தி குத்தியிருந்தாள். கொளுத்தவில்லை. கொளுத்தினால் புகைமணி கத்தும், பக்கத்து வீட்டுக்காரி முறைப்பாடு செய்வாள். வீட்டில் சாம்பிராணி போட்டுத் தீயணைப்பு வண்டியை வரவழைத்த தமிழருக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை.

பாஸ்டர் கண்ணை மூடித்தான் ஜெபித்தார். இடையில் ஒருமுறை திறந்திருக்கிறார். வெளியே வந்ததும் கரோலினாவை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் அந்தப் படம் இறங்கவேணும். பழையதையும் வைச்சுக்கொண்டு புதுசையும் எடுக்கேலாது. நீங்கள் சொன்னால் அவ கேப்பா."

"அது அவவின்ரை அப்பா, பாஸ்டர்."

"விளங்குது. ஆனா படையல் படையல்தான்."

பாஸ்டரின் வீட்டு வரவேற்பறையில், சோபாவுக்கு மேலே, அவருடைய தாயாரின் படம் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது. நான் கேட்டேன். கேட்காமல் விட்டால் நான் என்ன எழுத்தாளர்?

"அது நினைவு," என்றார். "அது வேறை, வணக்கம் வேறை. அம்மாக்கு முன்னாலை நான் ஒண்டும் வைக்கிறேல்லையே."

ஒன்றும் வைக்காததை அவர் சொன்ன பெருமையைப் பார்த்தால், அந்தத் தாயார் என்ன நினைப்பார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நாங்கள் யார் என்பதைக் கொஞ்சம் பேசுவோம். ஊரில் செத்த தாய் தகப்பனின் முகம் பார்க்க முடியாமல், இந்த நகரத்து அடுக்குமாடிகளில் படத்தை வைத்துச் செத்தவீடு செய்த சனம் நாங்கள். கதிரையில் படம், முன்னால் விளக்கோ மெழுகுதிரியோ, சுற்றிவரப் பெண்கள் ஒப்பாரி. செத்தவீட்டு வீடியோ கசெற் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்ததும் திரும்பவும் ஒரு செத்தவீடு. சைவக்காரரும் செய்தார்கள், வேதக்காரரும் செய்தார்கள், பாஸ்டர் ரவீந்திரனும் சைவக்காரராக இருந்த காலத்தில் செய்தார். உடலில்லாமல் அழுவதற்கு ஒரு படம் வேண்டும் என்பது உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யூஃபெனுக்கு அந்தத் தட்டுத்தான் தகப்பனின் செத்தவீடு. அதைத்தான் இறக்கச் சொன்னோம்.

6

இந்த இடத்தில் பாஸ்டரை வில்லனாக்கிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஒரு பென்ஸ் கார், ஒரு மோதிரம், கொஞ்சம் போலிக் கண்ணீர் போட்டு

[வெட்டு. மனிதர் பஸ் ஓட்டிப் பிழைக்கிறார். கண்ணீரும் உண்மையானது.]

கரோலினாவின் புருஷன் மார்க்கஸ் மாரடைப்பில் செத்தபோது, முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். மகள் றெபேக்கா பேர்கனில் வேலை. ஞாயிறுகளில் தொலைபேசி எடுப்பாள். அந்த நேரத்தில் கிழமை தவறாமல் வந்தவர் இந்தப் பாஸ்டர்தான். பல்ப் மாற்றினார், குளிர்கால ரயர் போட்டுக் கொடுத்தார், அவள் எழும்பாத நாட்களில் கதவடியில் நின்று ஜெபித்தார். அவளை மனிசியாக்கிய சபை அது. அதை இழந்தால் அவளுக்கு இந்த நகரத்தில் கதவு தட்ட ஒருவருமில்லை. ஒரு மனிதர் நல்லவராக இருப்பது கதை எழுதுகிறவருக்குப் பெரிய இடைஞ்சல்.

அந்த நல்லவர்தான் மார்க்கசின் படத்தையும் இறக்கச் சொன்னவர். மின்விளக்கு மாலை போட்டு, மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். சுரூபத்தை மேரியம்மா என்ற கத்தோலிக்கச் சிநேகிதியிடம் கொடுத்துவிட்டாள். மாதாவை வைத்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். மார்க்கசை யாரிடம் கொடுப்பது?

கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோனாள். அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலத்துக்குக் கீழே கம்பிவலை அடித்த ஒரு சாமான் அறை உண்டு. 'பூட்' என்பார்கள். கரோலினாவின் பூட்டில் பயணப்பெட்டிகள், அரிசி மூட்டை, றெபேக்காவின் பனிச்சறுக்குக் கட்டைகள். வலைக்கு உட்புறம் ஒரு படுக்கைவிரிப்பைக் கட்டி மறைத்தாள். ஒரு தட்டைத் துடைத்து மார்க்கசை வைத்தாள். பற்றரியில் எரியும் மெழுகுதிரி ஒன்று வாங்கி முன்னால் வைத்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும், வெங்காயம் எடுக்கப் போகிறவள் போலக் கீழே இறங்குவாள். பயணப்பெட்டியில் இருந்து அன்றைய செய்தியைச் சொல்லுவாள்.

"இண்டைக்கும் ரெண்டு மணித்தியாலம் கதைச்சவர், மார்க்கஸ். எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

ஆண்டவரிடம் மேலே பேசுவாள், மார்க்கசிடம் கீழே. இது பாவமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதுண்டு. பதில் வருவதற்கு முன் லிஃப்ட் வந்துவிடும்.

7

சனிக்கிழமை காலை கரோலினா யூஃபெனின் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் ஒரு வசனம் ஒத்திகை பார்த்தாள். ஆண்டவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொடுக்க வேண்டும், ஆகையால்

[இந்த வசனத்தை வெட்டியது நானல்ல, கரோலினா. யூஃபென் கதவைத் திறந்ததும் அவளே வெட்டிவிட்டாள்.]

"அப்பாவை எடுக்கச் சொல்லீட்டினம்," என்றாள்.

யூஃபென் தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள். பாதியைக் கரோலினாவிடம் நீட்டினாள். "எங்கை போடுறது? குப்பையிலையோ?"

"ஐயோ, இல்லை."

"பெட்டிக்குள்ளையோ? அப்பாக்கு மூச்சு முட்டும். ஆஸ்பத்திரியிலையும் அவருக்கு மூச்சு முட்டித்தான் போனது."

"தெரியும்."

"நான் இயேசுவை விடமாட்டன்," என்றாள் யூஃபென். "அவர் அழுதவர். ஆனா அப்பாவை எறியச் சொன்னால், நாளைக்கு நான் வரேல்லை. நீ வடிவாச் சொல்லு, கரோலினா. உங்கடை ஆக்கள் செத்தவையை என்ன செய்யிறனீங்கள்?"

கரோலினா பாதித் தோடம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "என்னட்டைத் தா," என்றாள். "கூட வா."

படத்தை யூஃபென் ஒரு துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கரோலினா தோடம்பழங்களையும் பியர்க் கானையும் ஒரு கடைப் பையில் போட்டாள். இரண்டு பெண்களும் கட்டடங்களுக்கு நடுவே நடந்து, லிஃப்டில் இறங்கி, கம்பிவலைக் கதவைத் திறந்தார்கள். கரோலினா மெழுகுதிரியைப் போட்டாள். தட்டில் மார்க்கஸ் சிரித்துக்கொண்டிருந்தார்.

"உன்ரை மனிசனோ?"

"ஓம்."

யூஃபென் தலை குனிந்து மார்க்கசுக்கு மரியாதை செய்தாள். தகப்பனை அவருக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கொஞ்சம் கவலைப்பட்டாள்.

"இவர் என்ன பாசை?"

"தமிழ். கொஞ்சம் நொஸ்க்."

"அப்பாக்குச் சீனம் மட்டும்தான்."

"பரவாயில்லை," என்றாள் கரோலினா. "நான் ஞாயிறுக்கு ஞாயிறு வந்து கதைக்கிறனான். மார்க்கஸ் ஆரோடையும் கதைப்பார். பியரைக் கண்டால் விடவேமாட்டார்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு அழுதார்கள். பயணப்பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து தோடம்பழத்தைச் சாப்பிட்டு முடித்தார்கள்.

நல்ல எழுத்தாளர் என்றால் இங்கே நிறுத்துவார். நானும் நிறுத்தியிருப்பேன், கரோலினா ஒன்றை மறக்காமல் இருந்திருந்தால். இது இரகசியம் என்று அவள் யூஃபெனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. விரிப்புக் கட்டி மறைத்திருக்கிறது, வெங்காயத்தைச் சாட்டிக்கொண்டு வருகிறோம், இதற்கு மேல் என்ன விளக்கம்? ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அரைக் கண்ணில் விளங்கியிருக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வாழ்வதற்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யூஃபென் தமிழ்ப் பெண் அல்ல. செத்தவர்களை என்ன செய்கிறீர்கள் என்று அவள் ஒரு கேள்வி கேட்டாள். பதிலாகக் கரோலினா அவளைக் கூட்டிப்போய்க் காட்டினாள். அதுதான் இந்தச் சபையின் முறை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

8

ஞாயிற்றுக்கிழமை. மேடைப் பலகையைக் கிளப்பி, அதன் அடியிலிருந்த ஞானஸ்நானத் தொட்டியில் வெந்நீர் நிரப்பியிருந்தார்கள். யூஃபென் இறங்கினாள், மூழ்கினாள், எழுந்தாள். பாஸ்டர் விம்மி விம்மி அழுதார். சீனா முழுவதும் நனைந்துவிட்டது போலச் சபை ஆர்ப்பரித்தது. நான்கு கைபேசிகள் படம் பிடித்தன.

பிறகு சாட்சி: மனம் மாறிய கதையைத் தன் வாயாலேயே சபைக்குச் சொல்வது. தலையில் துவாயோடு யூஃபென் மேடையில் நின்றாள். அவள் நொஸ்கில் சொல்ல, கரோலினா பக்கத்தில் இன்னொரு மைக்கோடு நின்று தமிழில் சொல்ல வேண்டும். சபையில் இரண்டு பாதி உண்டு. பின்வரிசை இளசுகளுக்கு நொஸ்க் தண்ணீர் பட்ட பாடு. முன்வரிசைப் பெரியவர்கள் இந்த நாட்டில் முப்பது வருடம் இருந்தும் அந்த மொழியைப் பக்கத்தில் அண்டவிடாதவர்கள்.

"என்ரை அப்பா செத்தபோது ஒருதரும் வரேல்லை. கரோலினா சோறு கொண்டு வந்தவ," என்றாள் யூஃபென். கரோலினா தமிழில் சொன்னாள். முன்வரிசை "ஆமென்" என்றது.

"இயேசு அழுதவர் எண்டு கேட்டன். அண்டைக்கு நான் நம்பினன்." கரோலினா சொன்னாள். "ஆமென்!"

யூஃபெனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கரோலினாவின் கையைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

"ஒரு பயம் இருந்தது. உங்கடை கடவுள் அப்பாவை எறியச் சொல்லுவாரோ எண்டு. பாஸ்டர் படத்தை இறக்கச் சொன்னவர். இறக்கிறதெண்டால் என்னெண்டு நேற்றுத்தான் எனக்கு விளங்கினது. மேலை வைக்கக்கூடாது, கீழை வைக்கலாம். நீங்கள் எல்லாரும் உங்கடை செத்தவையை வீட்டுக்குக் கீழை, வெளிச்சம் போட்டு, மறைச்சு, வடிவா வைச்சிருக்கிறியள். கரோலினா தன்ரை மனிசனை அங்கைதான் வைச்சிருக்கிறா. அவருக்குப் பக்கத்திலை அப்பாக்கும் இடம் தந்தவ. ஒவ்வொரு ஞாயிறும் போய்க் கதைக்கிறவவாம். இவ்வளவு நல்ல முறை சீனாவிலைகூட இல்லை. நன்றி."

பின்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்தினாள். ஒருவன் சிரிக்கத் தொடங்கி, யாரும் சேராததால் நிறுத்தினான். பாஸ்டர் ரவீந்திரன் தொட்டியின் ஓரத்தில் ஈர உடுப்போடு நின்றார். அவர் நகரத்துச் சனத்தை நாள் முழுக்க ஏற்றி இறக்குகிறவர். நொஸ்க் நன்றாகத் தெரியும். அவர் கரோலினாவைப் பார்த்தார்.

"சிஸ்டர்," என்றார். "சொல்லுங்கோ."

9

இனி முடிவு.

மலருக்குக் கொடுக்கக்கூடிய முடிவு: கரோலினா தமிழில், "என் தகப்பனைவிடப் பெரிய தகப்பனைக் கண்டுகொண்டேன்" என்கிறாள். சனம் உருகுகிறது. இதை எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு சுத்தமான பொய்.

இலக்கியச் சஞ்சிகைக்குக் கொடுக்கக்கூடிய முடிவு: கரோலினா ஒரு சொல் விடாமல் மொழிபெயர்க்கிறாள். மார்க்கசின் பெயரைச் சத்தமாகச் சொல்கிறாள். மைக்கை வைத்துவிட்டுத் தலைநிமிர்ந்து வெளியேறுகிறாள். கைதட்டல் எனக்கு. அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் ஒருவரும் தட்டாத கதவு அவளுக்கு.

மூன்றாம் முடிவில் பாஸ்டர் மனம் திருந்தி

[வெட்டு.]

அந்த "சொல்லுங்கோ" மிரட்டலா, மன்றாட்டமா என்று எனக்குத் தெரியவில்லை. தன் தாயாரின் படத்துக்கு முன்னால் ஒன்றும் வைக்காத மனிதர் அதை எந்தக் குரலில் சொன்னார் என்று கரோலினாவிடம் கேட்டேன். "குரல் நடுங்கினது," என்றார். ஈர உடுப்பு, குளிராகவும் இருக்கலாம்.

நீங்கள் என்ன மொழிபெயர்த்தீர்கள் என்றும் கேட்டேன். அவர் எழும்பிப்போய்க் கோப்பி போட்டார். திரும்பி வந்து, "நீங்கள்தானே எழுதுறனீங்கள், எழுதுங்கோ," என்றார்.

எழுதிப் பார்த்தேன். நான் எழுதிய ஒவ்வொரு வசனமும் மேடையில் நிற்கும் மூவரில் ஒருவரைக் காட்டிக்கொடுத்தது. யூஃபெனைக் காப்பாற்றினால் கரோலினா போனாள், கரோலினாவைக் காப்பாற்றினால் கீழே இருக்கும் இரண்டு பேரும் இன்னொரு தரம் செத்தார்கள். என்ன சொன்னாலும் மற்றதை மண்டபத்தின் பின்பாதி ஏற்கெனவே கேட்டுவிட்டது. எழுத்தாளர் தொழிலுக்கு ஒரு எல்லை உண்டு. நான் கையைக் கழுவுகிறேன்.

ஆகையால் அவர்களை அப்படியே நிற்க விட்டிருக்கிறேன். யூஃபென் கரோலினாவின் கையை விடவில்லை. தான் சொன்னது சொன்னபடியே போய்ச் சேரும் என்ற நம்பிக்கையில் சிரித்துக்கொண்டு காத்திருக்கிறாள். முன்வரிசையில் பெரியவர்கள் ஆமென் சொல்வதற்கு வாயைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எதற்கு என்று நீங்கள் சொல்லுங்கள்.